வாய்க்குள் சென்ற விரல்: குழந்தையின் விரல் சூப்பலும் அதனை மாற்றும் முறைகளும் – திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழில்வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சிறு குழந்தையின் விரல் சூப்பும் பழக்கத்தை நிறுத்துவது வீட்டுக்குள் முடியும் ஒரு சிறு செயலாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அப்பழக்கம் எப்போது குறையாக எண்ணப்பட்டது, அதற்கு யார் பொறுப்பாக்கப்பட்டனர், எவ்வகை மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன என்பவற்றிற்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் இலக்கிய மரபு, திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும் சோழர் மரபுவழி, 19, 20ஆம் நூற்றாண்டு மேலை மருத்துவம், இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்கள் ஆகியவற்றின் வழி அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. விரல் பெரும்பாலும் தாயின் இருப்புக்கு ஈடாக நிற்பது என்பதும், ஆதலால் விரலை மட்டும் தண்டிக்கும் முறைகள் நிலையான பயன் தருவதில்லை என்பதும் இதன் கருதுகோள். திருவள்ளூர் மாவட்டத்தின் தொழில்வட்டாரச் சூழலில், இவ்வினா குழந்தைகள் காப்பகம், தாயின் வேலைநேரம், ஈயத் தூசு ஆகியவற்றோடு பிணைந்திருப்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: விரல் சூப்பல், குழந்தை வளர்ப்பு வரலாறு, மாந்தாதா, திருவாலங்காட்டுச் செப்பேடு, குழந்தைகள் காப்பகம், தொழிற்சாலைச் சட்டம், கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

உலகியல் அறியாதவரை 'வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் உண்டு. வாயில் விரல் வைத்திருத்தல் அறியாமையின், களங்கமின்மையின் அடையாளம் என்னும் கருத்து இவ்வழக்கிற்கு அடிப்படையாகும். இன்றைய பெற்றோரோ அதே செயலைப் பல் வரிசையைக் கெடுப்பதாகவும், நோய் தருவதாகவும், பள்ளியில் கேலிக்கு இடமாக்குவதாகவும் அஞ்சுகின்றனர். களங்கமின்மையின் குறியாக இருந்த ஒன்று திருத்தப்பட வேண்டிய தீய பழக்கமாக மாறியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. திருத்தும் பொறுப்பு யார்மேல் சுமத்தப்பட்டது, யார்மேல் சுமத்தப்படவில்லை என்பது இரண்டாவது வினா.

சூப்புதல் குழந்தை கற்றுக்கொள்ளும் செயல் அன்று. அது உடன்பிறந்த இயல்பு. கருவிலுள்ள சிசு விரல் சூப்புவதைக் கேளா ஒலிப் படங்கள் காட்டுகின்றன. 1991இல் பீட்டர் ஹெப்பரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கருவிலேயே பெரும்பாலான சிசுக்கள் வலக்கைப் பெருவிரலைச் சூப்புவது பதிவாகியுள்ளது. ஆகவே ஆராய வேண்டியது பழக்கத்தின் தோற்றத்தை அன்று. அது நீடிப்பதற்கான சூழலையும், அந்நீடிப்பைச் சமூகம் எதிர்கொண்ட விதத்தையும் ஆகும்.

1. தமிழ் மரபில் குழந்தையின் கையும் வாயும்

குழந்தையின் கை எதையும் தொட்டு, அளைந்து, வாய்க்குக் கொண்டுசெல்லும் இயல்புடையது. இதனைத் தமிழ் இலக்கியம் தொடக்கம் முதலே மகிழ்ச்சியோடு நோக்கியுள்ளது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடல், உணவைக் கையால் துழாவி உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைச் செல்வத்தினும் மேலான பேறாகக் காட்டுகிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் குழந்தையின் சிறு கை அளைந்த உணவின் சுவையைப் போற்றுகிறது. எச்சில் என்னும் விலக்கு வலுவாக நிலவிய சமூகத்தில் இவ்விலக்கு குழந்தையின் கைக்குத் தளர்த்தப்பட்டிருந்தமை கருதத்தக்கது.

பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனின் திருவடி முதல் திருமுடி வரை வருணிக்கும் பகுதி, தன் காலைத் தானே பிடித்துச் சுவைக்கும் குழந்தையோடு தொடங்குகிறது. பெரியாழ்வாரின் ஊரான திருவில்லிபுத்தூரில் எழுந்தருளியிருக்கும் இறைவன் வடபத்ரசாயி. ஆலிலைமேல் பள்ளிகொண்டு கால்விரலைச் சூப்பும் குழந்தை வடிவம் ஓவியத்திலும் வழிபாட்டிலும் நிலைபெற்றது. உலகை உண்டு உமிழ்ந்த கடவுள் தன் விரலைச் சூப்புகிறான் என்னும் இக்காட்சியில் கண்டிப்புக்கு இடமில்லை.

பாட்டியல் நூல்கள் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களில் அமைக்கின்றன. செங்கீரையில் தவழ முயலும் உடலும், தாலில் நாவின் அசைவும், சப்பாணியில் கைகளின் கொட்டும், வருகையில் கால்களின் நடையும் என, குழந்தையின் ஒவ்வோர் உறுப்பும் இயக்கம் பெறுவதை இவ்வைப்புமுறை பின்தொடர்கிறது. வாய்க்குள் விரல் செல்வது இவ்வைப்பில் தனிப் பருவமாகவோ குற்றமாகவோ இடம்பெறவில்லை. கை, வாயை விட்டு மற்றொரு கையைத் தேடிக் கொட்டும் நிலையே சப்பாணி. வளர்ச்சி என்பது தடுப்பினால் அன்றி அடுத்த செயலின் ஈர்ப்பினால் நிகழ்வதாக இவ்வைப்புமுறையைப் பொருள்கொள்ள இடமுண்டு.

இவ்விலக்கியச் சான்றுகளை மட்டும் கொண்டு தமிழ்க் குடும்பங்கள் எப்போதும் பரிவோடு நடந்துகொண்டன என முடிவுசெய்ய இயலாது. பால்குடி மறக்கச் செய்யத் தாயின் மார்பில் வேப்பிலைச் சாறு தடவும் வழக்கம் பரவலாக இருந்துள்ளது. அதே கசப்பு குழந்தையின் விரலுக்கும் இடப்பட்டது. 'விரலைக் காக்கை கொத்திவிடும்', 'பூச்சாண்டி பிடித்துப் போவான்' போன்ற அச்சுறுத்தல்களும் வழக்கில் இருந்தன. அதே வேளையில் இடுப்பில் தூக்கிச் சுமத்தல், தூளியில் இட்டு ஆட்டுதல், தாலாட்டு, பாட்டி முதலிய உறவினரின் இடைவிடாத அண்மை, கடித்துச் சுவைக்கச் செம்மரத்தால் செய்த மரப்பாச்சி ஆகியவை வாய்க்கும் கைக்கும் வேறு வேலை தந்தன. மரபில் கசப்பும் இருந்தது. கசப்பைத் தேவையற்றதாக்கும் துணையும் இருந்தது. பிற்காலத்தில் இவ்விரண்டனுள் எது எஞ்சியது என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் நோக்கப்படும்.

2. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் மாந்தாதா

விரல் சூப்பலைப் பற்றிய இந்தியத் தொன்மங்களுள் முதன்மையானது மாந்தாதாவின் கதை. மகாபாரத வனபருவம் கூறுவதன்படி, மகப்பேறு வேண்டி வேள்வி செய்த யுவனாசுவன் என்னும் அரசன், மனைவிக்கென மந்திரித்து வைத்த நீரை அறியாது தானே பருகினான். குழந்தை அவனுடைய விலாவைப் பிளந்து பிறந்தது. தாயற்றுப் பிறந்த குழந்தை எதனைச் சுவைத்து உயிர்வாழும் என்று தேவர்கள் வினவியபோது, 'என்னைச் சுவைக்கும்' என்னும் பொருள்படக் கூறி இந்திரன் தன் சுட்டுவிரலைக் குழந்தையின் வாயில் வைத்தான். அச்சொல்லே குழந்தையின் பெயராயிற்று என்று காவியம் விளக்குகிறது.

இக்கதைமாந்தனுக்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திற்கும் கல்வெட்டியல் சார்ந்த ஒரு தொடர்பு உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் வெளிப்பட்டன. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கிய செய்தியை அவை கூறுகின்றன. அவற்றின் வடமொழிப் பகுதி சோழரின் மரபுவழியைக் கதிரவன், மனு, இட்சுவாகு எனத் தொடங்கி விவரிக்கிறது. அவ்வரிசையில் மாந்தாதாவும் முசுகுந்தனும் இடம்பெறுகின்றனர். விரலைச் சூப்பி வளர்ந்ததால் பெயர்பெற்ற ஒருவனைத் தம் முன்னோனாகக் கூறிக்கொள்வதில் பேரரசு ஒன்று இழிவேதும் காணவில்லை.

இத்தொன்மம் வரலாற்று நிகழ்ச்சி அன்று. எனினும் அது முன்வைக்கும் புரிதல் தெளிவானது. விரல், மார்பு இல்லாத இடத்தில் வருவது. தாய் இல்லாமையை ஈடுசெய்வது. குழந்தையின் செயல் குறையாக அங்குக் காட்டப்படவில்லை. குறை சூழலில் உள்ளது. அதனை நிரப்பும் கடமை பெரியோருடையது. மேலை மருத்துவம் பல பதின்மங்கள் விவாதித்துச் சென்றடைந்த ஒரு முடிவின் சாயல் இதில் உள்ளது.

3. குற்றமாக்கப்பட்ட விரல்: மேலை மருத்துவத்தின் மாற்றங்கள்

விரல் சூப்பலைத் தண்டனைக்குரியதாகக் காட்டிய நூல்களுள் பெரும்புகழ் பெற்றது, பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஐன்ரிக் ஹாப்மன் 1845இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான படக்கதை நூல். தாயின் சொல்லை மீறி விரல் சூப்பும் சிறுவனின் பெருவிரல்களைத் தையற்காரன் பெரிய கத்தரியால் வெட்டிவிடுவதாக அதில் ஒரு கதை உண்டு. தாய் வெளியே சென்றபின்னரே அச்சிறுவன் விரலை வாயில் வைக்கிறான் என்பது கதைக்குள்ளேயே இருக்கும் செய்தி. கதையின் நீதியோ அதனைக் கண்டுகொள்ளவில்லை.

மருத்துவத்தில் இப்பொருள் தனி ஆய்வாக அமைந்தது 1879இல். புதாபெசுட்டு நகரக் குழந்தை மருத்துவர் லிண்ட்னர், குழந்தைகள் விரல், உதடு முதலியவற்றைச் சூப்புவதை வகைப்படுத்தி எழுதினார். சிக்மண்ட் பிராய்டு 1905இல் வெளியிட்ட பாலியல் கோட்பாடு குறித்த கட்டுரைகளில் லிண்ட்னரைச் சுட்டி, விரல் சூப்பலைக் குழந்தைப் பருவ இன்பத் தேட்டத்தின் முன்மாதிரியாக விளக்கினார். இதன்பின் இச்செயல் ஒழுக்கம் சார்ந்த அச்சத்திற்கும் உள்ளானது.

அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பணியகம் 1914இல் வெளியிட்ட தாய்மார் கையேடு, விரல் சூப்பும் குழந்தையின் சட்டைக் கையை விரல்களை மூடுமாறு ஊசியால் குத்தியோ தைத்தோ பல நாள்கள் இரவும் பகலும் வைக்க அறிவுறுத்தியது. 1928இல் ஜான் வாட்சன் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், குழந்தையைக் கொஞ்சுவதையே ஆபத்தாகக் கருதியது. அதே கையேட்டின் பதிப்புகளைப் பின்னாளில் ஒப்பிட்ட மார்த்தா உல்பென்சுடைன், 1914இல் ஆபத்தானதாக இருந்த விரல் சூப்பல் 1940களின் பதிப்புகளில் தீங்கற்றதாக மாறியிருந்ததைக் காட்டினார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் குழந்தையின் வாயும் விரலும் மாறவில்லை. அவற்றை நோக்கிய பார்வையே மாறியது.

இம்மாற்றத்திற்கு ஆய்வுகளும் துணைநின்றன. டேவிட் லெவி 1928இல் வெளியிட்ட ஆய்வில், பால் குடிக்கும் நேரம் குறைந்த குழந்தைகளிடம் விரல் சூப்பல் மிகுதியாக இருப்பதாகக் கண்டார். சியர்சு, வைசு ஆகிய இருவர் 1950இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான திசையைக் காட்டியது. சூப்பிக் குடிப்பது எவ்வளவு நாள் நீடிக்கிறதோ அவ்வளவுக்கு அது பழக்கமாக வலுப்பெறும் என்பது அவர்கள் முடிவு. உள்ளார்ந்த தேவையா, கற்ற பழக்கமா என்னும் இவ்விவாதத்தின் இரு தரப்பினரும் குழந்தையின் ஒழுக்கக்கேடு என்னும் விளக்கத்தைக் கைவிட்டிருந்தனர். 1946இல் வெளிவந்த பெஞ்சமின் சுபாக்கின் நூல் கைகளைக் கட்டுவதையும் கசப்பு தடவுவதையும் வேண்டாதனவாக்கியது. 1985இல் லார்சன், டாலின் ஆகியோர், நீடித்த விரல் சூப்பலை மேலைநாட்டுக் குழந்தை வளர்ப்பில் உருவான பழக்கமாகக் கண்டு, தாயோடு ஒட்டி வளரும் குழந்தைகளிடம் அது அரிது என்று வாதிட்டனர்.

இந்தியக் குழந்தையின் அகவுலகைப் பற்றிச் சுதிர் கக்கர் 1978இல் எழுதிய நூல், நெடுநாள் தாய்ப்பாலும் தாயின் உடல் அண்மையும் இந்தியக் குழந்தைப் பருவத்தின் அடையாளங்கள் என்று கூறுகிறது. இவ்விளக்கம் ஒரு குறிப்பிட்ட குடும்ப அமைப்பை முன்தேவையாகக் கொள்கிறது: தாய் வீட்டில் இருக்க வேண்டும், இல்லையெனில் உறவினர் இருக்க வேண்டும். ஆலை வாசலுக்குச் சென்ற தாய்க்கு இவ்விளக்கம் பொருந்துவதில்லை.

4. ஆலையும் அபினும் காப்பகமும்

தாய் வேலைக்குச் செல்லும்போது குழந்தையை அமைதிப்படுத்துவது எவ்வாறு என்னும் வினா இந்தியாவில் முதன்முதலில் பெருமளவில் எழுந்த இடங்கள் துணி ஆலைகளும் சுரங்கங்களும் தோட்டங்களுமே. பம்பாய் ஆலைத் தொழிலாளரிடையே 'பாலகோலி' எனப்பட்ட அபின் உருண்டை கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. தாய் திரும்பும் வரை குழந்தை உறங்கிக் கிடக்கும். 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம், குழந்தைகளுக்கு அபின் கொடுக்கும் வழக்கத்தைப் பதிவுசெய்து, பெண்கள் மிகுதியாக வேலைசெய்யும் ஆலைகளில் காப்பகங்கள் அமைக்கப் பரிந்துரைத்தது.

1924இல் இரீடிங் சீமாட்டியின் முன்னெடுப்பில் தேசியக் குழந்தைகள் வாரம் தொடங்கப்பட்டது. குழந்தைக் கண்காட்சிகள் வழியாகவும் சொற்பொழிவுகள் வழியாகவும் தாய்மாருக்கு அறிவூட்டுவதே அவ்வியக்கத்தின் வழிமுறை. அவ்வணுகுமுறை குழந்தை நலத்தைத் தாயின் அறியாமையோடு தொடர்புபடுத்தியது. ஆணையத்தின் அறிக்கை அதனை ஆலையின் அமைப்போடு தொடர்புபடுத்தியது. இவ்விரு பார்வைகளும் இன்றுவரை அருகருகே இயங்கி வருகின்றன. விரல் சூப்பலைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் முதற்பார்வையையே பின்பற்றுகின்றன.

1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கான அறை ஒதுக்கச் செய்ய மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதனைக் கட்டாயமாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காற்றோட்டமும் தூய்மையும் உள்ள அறை, குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் மேற்பார்வை ஆகியவற்றை அப்பிரிவு கூறியது. இலவசப் பால் அல்லது சிற்றுண்டி வழங்குதல், தாய் இடையிடையே வந்து பாலூட்டுதல் ஆகியவற்றிற்கு விதிகள் வகுக்கவும் அது வழிசெய்தது. 1976இல் 50 பெண்கள் என்னும் எல்லை 30ஆகக் குறைக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளையை உறுதிசெய்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியதோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களில் காப்பகமும் நாளுக்கு நான்குமுறை தாய் அங்குச் சென்றுவரும் உரிமையும் வேண்டுமெனக் கூறியது.

நிறுவனக் கட்டடங்களுக்கு வெளியே இருந்தோர்க்கான முயற்சிகளும் உண்டு. 1969இல் மீரா மகாதேவன் தில்லியில் கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக நடமாடும் காப்பகங்களைத் தொடங்கினார். மீனா சுவாமிநாதன் தலைமையிலான பள்ளிமுன் பருவக் குழந்தைகள் குறித்த குழு 1972இல் அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்திற்கு முன்னோடிகளுள் ஒன்றாகும். தமிழ்நாட்டில் 1982 சூலை 1 முதல் சத்துணவுத் திட்டமும் குழந்தைகள் மையங்களும் விரிவடைந்தன.

5. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழில்வட்டாரம்

பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியிலிருந்து 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. 1971இல் நிறுவப்பட்ட சிப்காட்டின் தொழில் வளாகம் கும்மிடிப்பூண்டியிலும், பின்னர்த் தேர்வாய்க் கண்டிகையிலும் அமைந்தது. மாவட்டத் தலைநகரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி, சென்னை புறநகர் மின்தொடர்வண்டிப் பாதையின் வடமுனை நிலையங்களுள் ஒன்று. உருக்கு, வார்ப்பு, வேதிப்பொருள், ஈயம் மீட்கும் ஆலைகள் ஒருபுறமும், செங்குன்றம், திருவள்ளூர்ப் பகுதிகளின் செங்கல் சூளைகள் மறுபுறமும் இவ்வட்டாரத்தின் உழைப்புச் சூழலை அமைக்கின்றன. சூளைகளுக்கு ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் குழந்தைகளோடு பருவந்தோறும் வருகின்றன.

விரல் சூப்பல் என்னும் வினாவை இச்சூழலில் வைத்து நோக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, வயது இடைவெளி. 26 வார விடுப்பு முழுமையாகக் கிடைத்தாலும், அதில் ஒரு பகுதி பேற்றுக்கு முன்னரே செலவாகக்கூடும். ஆகவே குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்போது தாய் வேலைக்குத் திரும்புகிறாள். அங்கன்வாடி மையத்தில் நாள்தோறும் தங்கி உணவு பெறுவோர் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான காலமே இயல்பான சூப்பல் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பழக்கமாக நிலைபெறத்தக்க காலம். அக்காலத்திற்கு உரிய முதன்மை ஏற்பாடுகளுள் ஒன்று ஆலைக் காப்பகம்.

இரண்டாவது, எண்ணிக்கை எல்லை. முந்தைய சட்டங்களின் எல்லை 30 பெண்கள் என்றாலும் 50 பணியாளர் என்றாலும், அவ்வெல்லைக்குக் கீழிருந்த சிறு பட்டறைகள் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றன. 2020இல் நிறைவேற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 50 என்னும் எல்லையையே கொண்டுள்ளது. முறைமாற்று நேரங்களில் ஆலைகள் இயங்க, அங்கன்வாடி பிற்பகலோடு முடிவடைகிறது. சூளையில் தாய் குழந்தையின் கண்ணெதிரே இருந்தாலும் அவளுடைய கைகள் மண்ணில் இருக்கின்றன. முதற்பகுதியில் கண்ட மரபின் இரு கூறுகளுள் தூளியும் பாட்டியும் ஊரில் தங்கிவிட, வேப்பெண்ணெய் மட்டும் எஞ்சும் நிலை இதுவே.

மூன்றாவது, விரலோடு வாய்க்குள் செல்லும் தூசு. பல் வரிசையைப் பற்றிய கவலை மேலை நூல்கள் தந்தது. தொழில்வட்டாரத்தின் கவலை அதனினும் உடனடியானது. ஈயத் தூசு சிறு குழந்தையின் உடலுக்குள் செல்லும் முதன்மை வழி கையிலிருந்து வாய்க்குச் செல்லும் வழியே ஆகும். சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, குருதியில் ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் என்று கண்டது. அளவு கூடிய குழந்தைகளிடம் கவனக்குறைவு முதலிய நடத்தைச் சிக்கல்கள் மிகுந்திருந்ததையும் அது பதிவுசெய்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் இன்று கொண்டுள்ள கவன எல்லை 3.5 மைக்ரோகிராம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. மின்கல ஈயத்தை மீட்கும் தொழில் தொடர்கிறது. ஆலையிலிருந்து திரும்பும் தொழிலாளியின் உடையும் செருப்பும் தூசை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். ஆகவே இவ்வட்டாரத்தில் விரல் சூப்பலைக் குறைப்பது அழகியல் சார்ந்த விருப்பம் அன்று. அது குழந்தையின் அறிவு வளர்ச்சியோடு தொடர்புடையது. அதே காரணத்தால், குழந்தையின் விரலை மட்டும் திருத்தித் தூசை விட்டுவிடுவது முறையாகாது.

6. மாற்றும் முறைகள்: இன்றைய அறிவும் அதன் எல்லையும்

பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இப்பழக்கத்தைத் தாமே விட்டுவிடுகின்றனர். ஏறத்தாழ ஆறு வயதில் நிலைப்பற்கள் முளைக்கும் காலத்திலும் அது நீடித்தால், மேல் முன்பற்கள் முன்தள்ளுதலும் மேல், கீழ் முன்பற்களிடையே திறப்பு விழுதலும் நிகழலாம். இதில் அழுத்தத்தின் வலிமையைவிட அது நீடிக்கும் நேரமே முதன்மையானது. இரவு முழுதும் வாயில் கிடக்கும் விரல், பகலில் சில நிமிடம் சூப்பும் விரலைவிடப் பற்களை மிகுதியாக நகர்த்துகிறது.

1980இல் அசுரின், நன் முதலியோர் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி, இத்துறையில் ஒரு திருப்பம். விரல் வாயை நோக்கிச் செல்லும் தருணத்தைக் குழந்தையே உணரச் செய்தல், அவ்வேளையில் கையை மூடி இறுக்கிப் பிடித்தல் போன்ற மாற்றுச் செயலைக் கற்பித்தல், வெற்றியைக் குடும்பம் பாராட்டுதல் என்பன அதன் கூறுகள். 2015இல் வெளியான காக்ரேன் முறைசார் மீளாய்வு, 252 குழந்தைகளைக் கொண்ட ஆறு ஆய்வுகளைத் தொகுத்தது. பாராட்டு முதலிய உளவியல் முறைகளும், பல் மருத்துவர் அண்ணத்தில் பொருத்தும் தடுப்புக் கருவிகளும் பயன் தருவதாகவும், ஆனால் சான்றுகளின் தரம் தாழ்ந்தது என்றும் அது கூறியது.

இவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை எளியது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் பழக்கத்தைப் பேசுபொருளாக்காது, கைக்கு வேலை தருவதும் உறங்கும் வேளையில் ஒருவர் அருகிருப்பதும் போதும். சோர்வு, பசி, தனிமை, உறக்கம் ஆகிய எவ்வேளையில் விரல் வாய்க்குச் செல்கிறது என்பதை ஒரு வாரம் கவனித்தால் காரணம் தெளிவாகும். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் காரணத்தைச் சொல்லி, அதன் ஒப்புதலோடு தொடங்க வேண்டும். விரலில் சுற்றும் சிறு துணிக்கட்டு தண்டனையாக இன்றி நினைவூட்டலாக அமைய வேண்டும். சூப்பாத இரவுகளை நாள்காட்டியில் குழந்தையே குறிப்பது பயனுடையது. மிளகாய் தடவுவது கண்ணுக்கும் வாய்க்கும் தீங்கு தருவது. சூடு வைப்பது வன்முறை. பிறர்முன் கேலிசெய்தால் குழந்தை விரலை மறைத்துச் சூப்பக் கற்றுக்கொள்ளும். தொழில்வட்டாரத்தில் இவற்றோடு, உணவுக்கும் உறக்கத்திற்கும் முன் கைகழுவுதல், ஈரத் துணியால் தரை துடைத்தல், வேலை உடையை வீட்டு வாசலிலேயே மாற்றுதல் ஆகியவை சேர வேண்டும்.

இம்முறைகள் அனைத்தும் ஒரு பெரியவரின் நேரத்தைக் கோருகின்றன. கவனிக்கவும், பாராட்டவும், உறங்கும்வரை அருகிருக்கவும் ஒருவர் வேண்டும். முறைமாற்று வேலையிலிருந்து திரும்பும் தாயிடம் அந்நேரம் குறைவு. கசப்பு தடவுவது பரவலாக இருப்பதற்குக் காரணம் அதன் பயன் அன்று. அதற்கு நேரம் வேண்டாம் என்பதே. பம்பாய் ஆலைத் தாய் அபினை நாடியதும் அன்பின்மையால் அன்று.

முடிவுரை

விரல் சூப்பல் குறித்த பார்வைகள் காலந்தோறும் மாறியுள்ளன. தமிழ் இலக்கியம் அதனைக் குழந்தைமையின் இயல்பாகக் கண்டது. மாந்தாதாவின் தொன்மம் அதனைத் தாயின்மைக்கு ஈடாக விளக்கியது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா அதனைத் தண்டிக்கத்தக்கதாக்கியது. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மருத்துவம் அத்தண்டனையைக் கைவிட்டது. இதே காலப்பகுதியில் இந்தியத் தொழிலாளர் சட்டங்கள், குழந்தையின் அமைதி தாயின் வேலைநேரத்தோடு பிணைந்தது என்பதைப் படிப்படியாக ஏற்றன. குழந்தை வளர்ப்பு நூல்களின் வரலாறும் காப்பகச் சட்டங்களின் வரலாறும் தனித்தனியே எழுதப்பட்டு வந்துள்ளன. அவை ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பது இவ்வாய்வின் முடிவு.

கும்மிடிப்பூண்டியின் ஆலைக் குடியிருப்பிலோ திருவள்ளூரின் சூளை ஓரத்திலோ ஒரு குழந்தை விரலை வாயில் வைத்து உறங்கும்போது, அதன் தாய்க்கு அறிவுரை கூறுவது எளிது. அவளுக்கு அறிவுரையைப் பின்பற்றும் நேரத்தையும், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்குப் பயிற்சி பெற்ற ஒருவரின் மடியையும், தூசற்ற தரையையும் தருவதே கடினமானது. சிறு பட்டறைகள் பல இணைந்து தொழிற்பேட்டைக்கு ஒரு பொதுக் காப்பகம் அமைப்பதும், அங்கன்வாடியின் நேரத்தை ஆலையின் முறைநேரத்தோடு பொருத்துவதும் இவ்வரலாறு சுட்டும் வழிகள். தாயற்ற குழந்தையின் வாயில் இந்திரன் வைத்தது தன் விரலையே என்கிறது காவியம். பொறுப்பு பெரியோருடையது என்னும் அப்புரிதலே இன்றைய தொழில்வட்டாரத்திற்கும் வேண்டப்படுவது.